பை காவலுக்கு வேறு ஆள்

அத்தியாயம் 17

மேஜை மேல் மூன்று டிக்கெட்டுகள் இருந்தன.

அவள் இன்னொரு முறை எண்ணினாள். மூன்றுதான். ஹோட்டலின் காலை உணவுக் கூடத்தில், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் உப்பு டப்பாவுக்கு அடியில் செருகி வைத்திருந்தார் கணவர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்.

"இன்னொண்ணு எங்க?"

"எது?"

"என் டிக்கெட்."

கணவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"நீ இதுக்கெல்லாம் வரமாட்டியேன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கத்தி பாதி ரொட்டியில் நின்றுவிட்டது.

பதினோரு மாதங்களுக்கு முன், நூற்று இருபத்தெட்டு கிலோ உடம்போடு அறுவை சிகிச்சை மேஜையில் படுத்தவள் அவள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். இப்போது எண்பத்து நான்கு. அந்த நாட்களில் மணிக்கொரு தரம் இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீரை அளந்து ஊட்டியவர் இதே மனிதர்தான். இன்றுவரை அவளுடைய மாத்திரை நேரம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஆனால் டிக்கெட் போட்ட கை மட்டும் பழைய பழக்கத்திலேயே இருந்தது.

பழைய பழக்கம் என்றால், பெஞ்சு.

எந்த ஊருக்குப் போனாலும் அவளுக்கென்று ஒரு பெஞ்சு இருக்கும். மற்றவர்கள் ராட்டினம் ஏறுவார்கள், படகில் போவார்கள், கோட்டையின் முந்நூறு படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். அவள் எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'பை காவல்' என்று பெயர் வைத்ததே மகள்தான், ஐந்து வயதில். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டிலிருக்கும் சுற்றுலாப் படங்கள் எதிலும் அவள் இல்லை.

"அம்மா வருவாங்கன்னு நான் சொன்னேன்ல?" என்றாள் மகள். கல்லூரி இரண்டாம் வருடம், கோபம் மூக்கு நுனியில். "அப்பா, சமையலறையில அம்மாவே சொன்னாங்க. பாராகிளைடிங்னா என்னா, துணியில எப்படிப் பறக்கறாங்கன்னு என்கிட்ட மூணு தடவை வீடியோ போட்டுக் காட்டச் சொன்னாங்க."

"சும்மா பாக்கறான்னு நினைச்சேன்..."

"விடு," என்றது நான்காவது குரல். "ஆபரேஷன் பண்ண உடம்பு. பெஞ்சுல உக்காந்தா என்ன குறைஞ்சுடும்?"

அது கணவரின் அக்கா. முப்பது வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஐம்பத்தைந்து வயதிலும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடாமல் காபி குடிக்க மாட்டார். குடும்பத்தில் அவருக்குப் பெயர் விசில். அவர் இல்லாதபோது மட்டும்.

விசிலுக்கு நேற்று வரை எதுவும் தெரியாது. 'சாப்பாட்டைக் குறைச்சேன் அண்ணி, நடந்தேன்,' என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். நேற்று மாத்திரைப் பை திறந்து தரையில் கொட்டியபோது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல மைக்ல சொன்னேன்," என்றார் விசில். ராத்திரி நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கினார். "எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி நடந்தே நாப்பத்தி நாலு கிலோ குறைச்சான்னு. எழுநூறு பிள்ளைங்க கை தட்டினாங்க. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மைதானத்துல நிப்பேன்?"

அவள் அரை முட்டையை நான்காக வெட்டினாள். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இருபது தடவை மெல்ல வேண்டும். மெல்லும்போது பேசக் கூடாது. பல நேரங்களில் அது நல்லதாகவே முடியும்.

விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பொய் சொன்னது தப்பு அண்ணி. அதை ராத்திரியே சொல்லிட்டேன். இப்பவும் சொல்றேன். ஆனா ஆபரேஷன் பண்ணிக்கிட்டது தப்புன்னு என் வாயில இருந்து வராது. எத்தனை தடவை சுத்திச் சுத்திக் கேட்டாலும்."

"குறுக்கு வழிய குறுக்கு வழின்னு சொன்னா கோவமா?"

"நீங்க இந்த ஊருக்கு நடந்தா வந்தீங்க?"

"என்ன?"

"ஃப்ளைட்லதானே வந்தீங்க. அதுவும் குறுக்கு வழிதான். ஜன்னல் சீட்டு வேற கேட்டு வாங்கினீங்க."

மகள் வாயிலிருந்த பழச்சாற்றை வெளியே விடாமல் காப்பாற்றப் பெரும்பாடுபட்டாள்.

விசில் தம்பியைப் பார்த்தார். தம்பி ரொட்டியைப் பார்த்தார்.

"உடம்புதான் குறைஞ்சிருக்கு. நாக்கு குறையல," என்றார் விசில்.

"அதை வெட்டலை அண்ணி."

அவள் தட்டில் மூன்று துண்டு முட்டை, முக்கால் ரொட்டி, இரண்டு துண்டு பழம் மிச்சமிருந்தன. ஸ்பூனைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் கேட்டதும் கணவரின் கை தானாக நீண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்தது.

"வீணாப் போகுமே," என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டு முடித்தார்.

* * *

வேன் மலை ஏறியது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நில அளவை அலுவலகத்தில் அவள் வரைவாளர். பத்தொன்பது வருடங்களாக மலை வரைகிறாள். களத்துக்குப் போகிறவர்கள் ஏறி இறங்கி எண்களை எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த எண்களிலிருந்து அவள் சம உயரக் கோடுகளை இழுப்பாள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் மெல்லிய சரிவு. அவள் கோடு ஒரு மயிரிழை பிசகாது என்று அலுவலகத்தில் பெயர்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு நாள் களத்துக்குப் போனாள். பாதிச் சரிவில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கை கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அவளுடைய நாற்காலியில் யாரோ ஒரு கூடுதல் மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். கரிசனத்தோடுதான். அதற்குப் பிறகு யாரும் அவளைக் களத்துக்குக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முன்பு கேட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல்.

பதில் போன வாரம் வந்தது. மலை அளவைக் குழு. வீட்டிலிருந்து ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். இரண்டு வருடம். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அந்த உத்தரவு இப்போது அவள் மடியிலிருக்கும் பைக்குள், மாத்திரைப் பையில், நாலாக மடித்து இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பியதிலிருந்து மாத்திரைப் பையைக் கணவர் கைக்கு விடாமல் அவளே திறந்தாள். நேற்று மாத்திரைகள் கொட்டியபோது அந்தக் காகிதத்தை முழங்காலால் மறைத்தாள்.

ஒரே ஒரு தடவை மேலே இருந்து பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணத்துக்கே தலையாட்டினாள். தன் கோடுகள் தரையில் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் அந்த வேலைக்குப் போய் நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

* * *

மலை முகட்டில் புல்தரை. ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு.

இறங்கியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது பெஞ்சுதான். பெஞ்சுகள் அவளுக்கு அப்படித் தெரியும்.

மகள் ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்த பெண்ணிடம் விசாரித்துவிட்டு வந்தாள். முகம் தொங்கியிருந்தது. "இன்னிக்கு எல்லா இடமும் போட்டாச்சாம். பதினொண்ணரைக்கு மேல காத்து மாறிடுமாம். நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க."

நாளைக்கு அவர்கள் விமானம்.

"என் டிக்கெட்டை எடுத்துக்கோ," என்றாள் மகள்.

"வேண்டாம். நீ போ."

"அம்மா..."

"உன்னுது உன்னுது. எனக்கு என்னுது வேணும்."

கொட்டகை வாசலில் எடை மேடை இருந்தது. மூட்டை நிறுக்கிற மாதிரி அகலமானது. சிவப்பு எண்கள் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் ஒளிர்ந்தன. மேலே பலகையில் தொண்ணூற்றைந்து என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டிருந்தது. அதற்கு மேல் எடையிருந்தால் பறக்க முடியாது.

வீட்டிலிருந்த எடை மெஷின் ஒரு காலத்தில் அவள் ஏறினால் வெறும் கோடு காட்டும். அதற்கு மேல் அதற்கு எண்ண வராது. பார்சல் ஆபீஸ் தராசில்தான் அவள் உண்மையான எடையைத் தெரிந்துகொண்டாள். மருத்துவமனையில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் தோட்டைக்கூடக் கழற்றி வைப்பாள்.

இன்று ஷூவோடு, தோளில் பையோடு, போய் மேடையில் ஏறி நின்றாள்.

"நீதான் பறக்கலையே, எதுக்கு?" என்றார் கணவர் தாழ்ந்த குரலில்.

"சும்மா."

எண்பத்து ஏழு.

வரிசையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினாள்.

மகள் ஏறினாள், ஐம்பத்து நான்கு. விசில் ஏறினார், அறுபத்தொன்று. "முப்பது வருஷமா இதே எடை," என்று கொட்டகைப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னார்.

கணவர் ஏறினார்.

தொண்ணூற்று எட்டு.

"மெஷின் சரியில்ல," என்றார்.

"இப்பதான்பா நாங்க மூணு பேரும் ஏறினோம்."

"ஷூ. இந்த ஷூவே ஒரு கிலோ இருக்கும்." கழற்றினார். மேல்கோட்டைக் கழற்றினார். பர்ஸ், சாவிக்கொத்து, பெல்ட்டு எல்லாவற்றையும் எடுத்து மகள் கையில் வைத்தார்.

தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு.

அவர் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"அப்பா, போதும். ப்ளீஸ்."

"போன வருஷம் நீ எழுபத்தெட்டுதானடா," என்றார் விசில். "எங்கிருந்து வந்தது இவ்வளவு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று அவளுக்குப் புரிந்தது. "தட்டுலேர்ந்து," என்றாள். "அம்மா தட்டுலேர்ந்து. பதினோரு மாசமா அம்மா வைக்கிற மிச்சத்தையெல்லாம் அப்பாதான் சாப்பிடறாங்க. தன் தட்டு தீர்ந்ததுக்கு அப்புறம்!"

அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. தன்னிடமிருந்து போன கிலோக்களில் சில ரொம்ப தூரம் போகவில்லை.

விசில் சிரித்தார். மகள் சிரித்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு மேடையில் நின்றவரின் முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் வரிசை காத்திருக்கும்போது, தலைக்கு மேல் ஒரு எண் ஒளிரும்போது, ஒரு முகம் அப்படித்தான் ஆகும். அது அவளுடைய பழைய முகம்.

'போகட்டும், நாம ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்திருப்போம்.'

அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. இருபத்திரண்டு வருடம் இந்தக் குடும்பத்தில் இருந்தவளுக்கு அது தானாக வரும். அவரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. காற்று புல்லைப் படுக்க வைத்தது. கொட்டகைப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

அவள் அந்த வாக்கியத்தை மென்றாள். நன்றாக, இருபது தடவை. விழுங்கினாள்.

கையை நீட்டினாள். "டிக்கெட்டைக் கொடுங்க."

"உனக்கு வயித்துல தையல்..."

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு."

"எப்போ?"

"போன செக்கப்ல. நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க. பறக்கலாமா டாக்டர்னு கேட்டேன். ஃப்ளைட்லதானே, தாராளமான்னார். ஃப்ளைட்ல இல்ல, துணியிலன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். அப்புறம், போயிட்டு வாங்கன்னார்."

கணவர் டிக்கெட்டைக் கொடுத்தார். கொட்டகைப் பெண் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினாள்.

* * *

பைகளை எல்லாம் பெஞ்சுக்குக் கொண்டுபோனாள் அவள். தன் பையை அவர் மடியில் வைத்தாள். மற்றவற்றைப் பக்கத்தில் அடுக்கினாள். பாக்கெட்டில் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். போனை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"தண்ணி பாட்டிலைப் படுக்க வைக்காதீங்க, ஒழுகும். பைக் காதுக்குள்ள ஒரு கைய விட்டுக்கணும், தூங்கினாலும் யாரும் இழுக்க முடியாது. இன்னும் அரை மணில வெயில் இந்தப் பக்கம் வரும். அப்ப அந்த முனைக்கு நகர்ந்துக்குங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? இங்க நீ வந்ததே இல்லையே."

"பெஞ்சு எல்லாம் ஒண்ணுதான்."

அவர் மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் நாலு போட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக அவர் நிமிர்ந்து பார்த்தார். அது வரவில்லை. அவள் திரும்பி நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் வாரில் கட்டிக்கொண்டு கூடவே பறக்கப்போகிற பறக்கவைப்பவன் வாட்டசாட்டமான ஆள். அவளுக்கும் அவனுக்கும் பொதுவாக நான்கைந்து வார்த்தைகள்தான் இருந்தன. வார்களை அவள் தொடையிலும் தோளிலும் இறுக்கினான். வயிற்றின் மேல் வந்த பட்டையைப் பூட்டிவிட்டு மிச்ச வாரை இழுத்துச் செருகினான். மிச்சம் நிறைய இருந்தது. சரிவின் விளிம்பைக் காட்டினான். "ஓடு," என்றான். "நிக்காதே. உட்காராதே. ஓடு."

மகள் ஏற்கெனவே பறந்துபோய்விட்டாள். தூரத்தில் மஞ்சள் துணி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. விசில் தன் முறைக்காக வார்கள் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

அவள் கடைசியாக ஓடியது எப்போது? நினைவில் இல்லை. பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த பேருந்து வரும்.

துணி பின்னால் எழுந்தது. எழுந்ததும் யாரோ முதுகைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. ஒரு அடி வைத்தாள். இரண்டு. நகரவே இல்லை. உட்காரு, உட்காரு என்று உடம்பில் பாக்கியிருந்த பழைய ஆள் சொன்னாள்.

"முட்டியைத் தூக்கு!"

மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். பின்னாலிருந்து.

"கீழ என்ன பாக்கற? முன்னாடி பாரு! தூக்கு முட்டியை! ஓடு! ஓடு! ஓடு!"

முப்பது வருடத்துக் குரல். மைதானத்தில் யார் என்ன பொய் சொன்னார்கள் என்று அது பார்க்காது. ஓடுகிறவளை ஓடவைக்கத்தான் அதற்குத் தெரியும்.

அவள் ஓடினாள். புல், புல், கல், புல். பிறகு ஒன்றுமில்லை. காலடியில் ஒன்றுமில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டிருந்தாள்.

* * *

மேலே சத்தமே இல்லை. வார்கள் லேசாக முனகின. அவ்வளவுதான்.

கீழே சரிவில் ஆடுமாடு நடந்து நடந்து விழுந்த தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி ஓடின. அவளுடைய கோடுகள். யாரும் வரையாமல், மாடுகள் காலால் போட்டு வைத்த சம உயரக் கோடுகள். ஓடை விழும் இடத்தில் உள்ளே வளைந்து மறுபடி வெளியே வந்தன. அந்த வளைவைக் காகிதத்தில் எத்தனையோ ஆயிரம் முறை வரைந்திருக்கிறாள். சரியாகத்தான் வரைந்திருக்கிறாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசித்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, நன்றாகப் பசித்தது.

பறக்கவைப்பவன் ஒரு கயிற்றை இழுத்தான். மலை மெல்லத் திரும்பி, முகடு மறுபடி அவள் காலுக்குக் கீழே வந்தது. தகரக் கொட்டகை. தீப்பெட்டி அளவு பெஞ்சு. பெஞ்சின் சரியான முனையில், நிழலுக்குள், ஒரு ஆள்.

அவள் தோளுக்கு மேல் நீண்டிருந்த கையில் கடிகாரம் தெரிந்தது. பதினொன்று.

பதினொரு மணிக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. போனில் மணி அடிக்கும். போன் பைக்குள். பை அவர் மடியில். மணி அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் மாத்திரைப் பையைத் திறந்து ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். அது வீட்டுப் பழக்கம். அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

பெஞ்சிலிருந்த ஆள் குனிந்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. மடியில் ஏதோ ஒன்று, நகத்தளவு, வெள்ளையாக விரிந்தது. காற்றில் படபடத்தது. இரண்டு கைகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

பிறகு அவர் எழுந்து நின்றார். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. எடுக்கவில்லை. கையில் அந்த உத்தரவுக் காகிதத்தோடு அண்ணாந்து, வானத்தில் அவள் எங்கே என்று தேடினார்.

பறக்கவைப்பவன் அவள் தோளைத் தட்டினான். கட்டைவிரலைக் கீழே காட்டினான். இறங்கலாமா? பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான். இல்லை, இன்னொரு சுற்றா?

கீழே அவர் அவளைக் கண்டுபிடித்துவிட்டார். கையை ஆட்டினார். வாவென்றா, போவென்றா, இவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை.

அவள் ஒரு விரலை உயர்த்தினாள்.

இன்னொரு சுற்று.